காலனிக்கு வந்த முதல் பஸ்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஹைஸ்கூலில் பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக்கொடுத்தவன். இதில் பயந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதுதான் விஷயம்.

எழுபதுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்றார்கள். நாங்கள் சில குடும்பங்கள் வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். வீடு இருந்தது, பஸ் இல்லை. மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை சேற்றில் நடக்கவேண்டும், ஜட்காக்காரனோ அந்தப் பக்கமே வரமாட்டேன் என்பான். காலனி சங்கத்துக்கு நான்தான் செக்ரட்டரி. பஸ் ஆபீசுக்கு நடையாய் நடந்து, வாசலில் காத்துக் கிடந்து, ஒருவழியாகத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் காலையில் ஒரு பஸ் விடச் சம்மதிக்க வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, காலனியே ஏறிக்கொண்டது. "செக்ரட்டரி சார் முன்னால உக்காரட்டும்" என்று எனக்கு முதல் சீட்டு. என் மனைவி எஸ்தர் எதிர்ப்பக்கம் பெண்கள் சீட்டில் இருந்தாள். நிற்கக்கூட இடமில்லை, அப்படி ஒரு கூட்டம். புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த திருப்பத்தில், செங்கல் அடுக்கியிருந்த இடத்தில், டிரைவர் பிரேக் போட்டார். அங்கே ஸ்டாப் கிடையாது. "பாத்து ஏறும்மா, பாத்து" என்றார் கண்டக்டர். நான் எட்டிப் பார்த்தேன், யாரும் ஏறவில்லை. கீழே யாரிடமோ பேசுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் என் தோளைத் தட்டினார்.

"சார், கொஞ்சம் எய்ந்துக்கோ சார். மாசமா கீது, நிக்க முடியல பாரு."

பார்த்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் கம்பி இருந்தது, கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. செக்ரட்டரியைக் கலாட்டா செய்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். "யாருக்குப்பா எழுந்திருக்கணும்? இங்கே யாருமே இல்லையே!"

அடுத்த வீட்டு பாலசுந்தரம், என்னிடம் குரல் உயர்த்தியே பேசாத மனிதர், "சித்தாள்னா மனுஷி இல்லையா சார்? நம்ம வீட்டுக்குக் கல்லு சுமந்தவங்கதானே?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் என்னைப் பார்க்காமலே எழுந்தாள். "நீ இங்க வாம்மா" என்று தன் இடத்தை விட்டுவிட்டுத் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

நம்பினால் நம்புங்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்த அந்தக் கூட்டத்தில் எஸ்தர் விட்ட சீட்டு காலியாகவே இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. எல்லோரும் அதற்கு இடிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். இது கலாட்டா இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்டேஷனில் இறங்கியதும் எஸ்தரிடம் சத்தியம் செய்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. "பொய் சொல்லாதீங்க. பச்சை சேலை, முழங்கை வரைக்கும் சிமெண்ட். உங்க கண்ணு முன்னாலதானே நின்னா" என்றாள். அந்தத் திருப்பத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் போய் விசாரித்தேன். "அப்டி ஒரு பொம்பள நம்மகிட்ட வேலைக்கே வர்ல சார்" என்றுவிட்டார். அதை ஓடிவந்து எஸ்தரிடம் சொன்னேன். "அதுக்காக அவ நிக்கலேன்னு ஆயிடுமா?" என்றாள். அவளுக்கு நான் ஏழைப் பெண்ணுக்கு எழுந்திருக்காத புருஷன், அவ்வளவுதான். பால் வாங்கப் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். செக்ரட்டரி பதவியை விட்டேன், வேண்டாம் என்று தடுக்க ஒருத்தரும் இல்லை.

அதிலிருந்து நான் பஸ்ஸில் உட்காருவதில்லை. சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கிறுக்கு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சில வருஷம் கழித்து ஒரு மார்கழிக் காலை, நல்ல குளிர், நானும் எஸ்தரும் தாம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பஸ்ஸில் நாலைந்து பேர்தான். வழக்கம்போல முன் சீட்டு காலி, பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் எஸ்தர், சாதாரணமாக, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்: "கால் வலிக்கப் போகுது. உக்காருங்க, அவ இறங்கிட்டா."

எத்தனை நாளாக அவள் இந்த சீட்டில் வந்துகொண்டிருந்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு உடம்பில் பட்டதும் பயம் வரவில்லை, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.