பதினொரு மணிச் சாவி

எங்கள் ஆபீஸ் டிவியின் ரிமோட்டில் ஒரு பொத்தான் மட்டும் தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். சத்தத்தை அடைக்கிற பொத்தான். மற்ற பொத்தான்களின் எழுத்தெல்லாம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. தல்லாகுளத்து மாடியறையை விட்டு, லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு வந்துவிட்டோம். மேசை, நாற்காலி, ஏசி எல்லாம் புதுசு. டிவியையும் ரிமோட்டையும் மட்டும் முதலாளி மாற்ற விடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுப் படங்களை வாங்கி, அடியில் தமிழ் எழுத்து ஓடவிட்டு, மதுரைச் சுற்றுவட்டாரத் தியேட்டர்களுக்குக் கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். கேட்டவர்கள் சிரித்தார்கள். நாகமலை புதுக்கோட்டையில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த நானே முதல் நாள் உள்ளுக்குள் சிரித்தேன். இந்த ஊரில் யார் போய்க் கொரியப் படத்தை வாசிக்கப் போகிறார்கள்? வாசிக்க ஒரே ஒரு ஆள் இருந்தார், அவருக்காகத்தான் கம்பெனியே என்பது போகப் போகத்தான் புரிந்தது. முதலாளியின் மனைவி. அவரை நான் அக்கா என்பேன். கல்யாணமான புதிதில் வந்த மூளைக் காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. அதற்கு முன்னால் எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுகிற மனுஷி. பிறகும் தமிழ்ப் படங்களுக்குப் போய், உதடு அசைவதை வைத்துப் பாதிக் கதையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். நடிக்கிறவர் முதுகைத் திருப்பினால் போச்சு. நம் படத்துக்கு நம் ஊரில் யார் எழுத்துப் போடுகிறார்கள்? அந்நியப் பாஷைப் படம் என்றால் எழுத்துப் போட்டே ஆகவேண்டுமே என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. அரிசி வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இதில் குதித்துவிட்டார்.

நான் எழுதி முடித்த படத்தை அக்கா வந்து பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டோம். டிவிக்கு முன்னால் காலை மடக்கி உட்காருவார். முதலாளி சத்தத்தை அடைத்துவிட்டு, அவரும் எழுத்தை மட்டுமே நம்பி, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "ஏத்தா, இம்புட்டு வேகமா ஓடுனா மனுசி எப்பிடிப் படிக்கிறது?" என்பார் அக்கா. நான் ஒரு சொல்லை வெட்டுவேன். சிரிப்பு வருகிற இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரிப்பார், தன் சத்தம் தனக்கே தெரியாததால் தெருவரைக்கும் கேட்கும். அப்போது முதலாளி படத்தைப் பார்க்க மாட்டார், அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

ஊர் வாசிக்கவில்லை. இரண்டாவது படம் ஓடவில்லை, மூன்றாவதை ஞாயிற்றுக்கிழமைக்குள் தூக்கிவிட்டார்கள். முதலாளி மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கினார். காத்திருக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் காத்திருந்தார். ஆபீசில் ஒவ்வொருவராக நின்றுபோய் நான் மட்டும் மிச்சம். முதலாளி கொண்டுவந்த டிபன் கேரியர் சாப்பிடாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். கடைசியில் நகருக்குள் இருந்த ஒரு தியேட்டர்க்காரர் சொன்னார்: "தமிழ்ல பேச விட்டுக் குடுங்கண்ணே, ஸ்கிரீன் தாரேன். எழுத்தெல்லாம் வேணாம்." அடுத்து வாங்கி வைத்திருந்த படமும் போனால் கம்பெனியைப் பூட்டிவிட்டு அரிசிக் கடைக்கே போகவேண்டியதுதான். முதலாளி ஒப்புக்கொண்டார். ஆனால் கெஞ்சிக் கூத்தாடி ஒன்று வாங்கினார்: முதல் காட்சியில் மட்டும் தமிழ்ப் பேச்சோடு எழுத்தும் இருக்கும். எங்கள் ஒவ்வொரு படத்துக்கும் முதல் காட்சியில் திரைக்கு முன்னால் சூடம் ஏற்றுவது அக்காதான். ஏற்றிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து படம் பார்ப்பார். அந்த ஒரு காட்சியையாவது அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மனுஷன் தவியாய்த் தவித்தார். படத்தில் இனி தமிழ்க் குரல்தான், எழுத்து கிடையாது என்பதை அக்காவிடம் அவர் சொல்லவே இல்லை.

இப்போதெல்லாம் படம் ஹார்ட் டிஸ்க்கில் வரும். கூடவே அதைத் திறக்க ஒரு கணினிச் சாவி வரும், கேட்டு வாங்கிய நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால்கூடத் திறக்காது. முதல் காட்சிக்கான எழுத்துள்ள படத்துக்கு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சாவி கேட்டு வாங்கியிருந்தோம். மற்றக் காட்சிகளுக்கான எழுத்தில்லாத படத்தை அன்று காலையிலிருந்தே திறக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளிக்குத் திடீரென்று உறைத்தது: வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். கைதவறிக்கூட அந்த நேரத்தில் அவர் எதையும் தொடங்கியதில்லை. தியேட்டருக்கு ஓடினார், காட்சியைப் பத்து மணிக்கு மாற்றினார், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். சாவி அவர் நினைப்பிலேயே இல்லை. என் நினைப்பிலும்தான்.

கூட்டம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். அக்கா பட்டுச்சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு சூடம் ஏற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் ஆபரேட்டர் வந்து, எழுத்துப் படம் பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்றார். விசில் பறந்தது. தியேட்டர் மேனேஜர் யாரையும் கேட்கவில்லை, எழுத்தில்லாத படத்தை ஓட்டச் சொல்லிவிட்டார்.

மகள் கல்யாணத்தன்று சமையல்காரர் ஓடிவிட, அப்பனே கரண்டியைப் பிடிக்கிற கொரியப் படம் அது. அக்கா திரையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து வரும், வரும் என்று பார்த்தார். பிறகு நிமிர்ந்து உதடுகளைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது? உதடு கொரியாவில் அசைகிறது, தமிழ் வேறு எங்கிருந்தோ வருகிறது. தமிழ்ப் படத்தில் கிடைத்த பாதிகூட அவருக்கு இதில் கிடைக்கவில்லை. பின்னால் அரங்கமே உருண்டு சிரித்தது. பதினொரு மணியானதும் முதலாளி ஆபரேட்டர் அறைக்கு ஓடி, நிறுத்திவிட்டு எழுத்துப் படத்தைப் போடும்படி கையைப் பிடித்துக் கெஞ்சினார். "ஓடுற படத்த நிறுத்துனா சீட்டக் கிழிச்சுருவாங்கெண்ணே" என்றார் மேனேஜர். அது உண்மைதான். படம் பிழைத்துவிட்டது என்பது இடைவேளைக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

விளக்குப் போட்டதும் ஆட்கள் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"நல்லா ஓடும்ங்க. எல்லாரும் சிரிச்சாக. அவுக சிரிக்கையில திரும்பிப் பாத்து நானும் சிரிச்சுக்கிட்டேன்."

முதலாளி என்னவோ சொன்னார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார், அக்காவுக்கு அது போய்ச் சேரவில்லை.

அந்தப் படம் எங்களைத் தூக்கி நிறுத்திவிட்டது. அக்கா கை ராசியான கை என்று பேராகிவிட்டது, இப்போது தியேட்டர்க்காரர்களே அவரைச் சூடம் ஏற்றக் கேட்கிறார்கள். அவரும் வருகிறார், ஏற்றுகிறார், உட்கார்ந்து ஊரோடு சேர்ந்து சிரிக்கிறார். முன்னே மாதிரி தெருவரைக்கும் கேட்பதில்லை. முதலாளி ஒவ்வொரு படத்துக்கும் என்னை எழுத்து எழுதச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப்போகிறார். "வையிங்க, பாக்குறேன்" என்பாராம் அக்கா. பார்ப்பதில்லை.

நேற்று மத்தியானம் முதலாளி வந்து, அக்கா உட்காருகிற இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை வரப்போகிற படம் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டை எடுத்து அந்தத் தேய்ந்த பொத்தானை அழுத்தினார். எழுத்தில்லாத, சத்தமில்லாத படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இதுல எந்தெந்த இடத்துல சிரிப்பாக, தாயி? முன்னாடியே அவகிட்டச் சொல்லி வச்சிரலாம்ல?"