போஸ்டரில் மட்டும் பெயிண்டர்

யாரும் சொல்லி எனக்குச் செய்தி வரவில்லை. போன மாதம் காய்கறி வாங்க மந்தாரக்குப்பம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பசை காயாத கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் ஏழுமலை சிரித்துக்கொண்டிருந்தார். பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் ‘பெயிண்டர்’ என்று போட்டிருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரரைக் கேட்டேன். “நேத்து காலைல வேலைக்குப் போவ இங்கதாங்க நின்னுகினு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. அவ்ளோதான்” என்றார். சட்டைப்பையில் கேட் பாஸ் இருந்ததாம். அதில் அவர் வேலை என்னவென்று எழுதியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஹெல்பர்.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். ஏழுமலைக்கு நாற்பது எழுதலாம். என்னைப் பற்றி நல்லதாக எழுதத்தான் இதில் ஒன்றும் இல்லை. நான் அனல்மின் நிலைய நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏழுமலை குவார்ட்டர்ஸ் பராமரிப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி, என் வயதுக்காரர். இருபது வருடத்துக்கு மேல் நம் வீடுகளுக்கெல்லாம் வர்ணம் அடித்தார். ஆனால் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் அவர் ஏணி பிடிக்கிற ஆள். இதைப் படிக்கிற நகரியத்துக்காரர்களே, உங்கள் வீட்டுக்கும் அவர் பின்வாசல் வழியாக வந்திருப்பார். அதனால் இது உங்களுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும்.

என் மகள் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைப்பதாக முடிவானது. முன்னறைச் சுவர் ஓதம் ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஏழுமலையைக் கூப்பிட்டேன். கான்ட்ராக்ட் ஆட்கள் குவார்ட்டர்ஸில் தனிப்பட்ட முறையில் வேலை செய்யக்கூடாது. மாட்டினால் ஒப்பந்தக்காரர் பாஸைப் பிடுங்கிவிடுவார். அதனால் பிரஷ்ஷைத் துணியில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்: “யாராச்சும் கேட்டா நீங்களே அடிச்சதா சொல்லிடுங்க டீச்சர்.” நகரியத்தில் எல்லோரும் சொல்கிற பொய்தான். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

வந்தவுடன் டப்பாவைத் திறப்பார் என்று பார்த்தால், என்னிடம் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கேட்டார். நனைத்துப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி கழித்து எடுத்துவந்து காட்டினார். துணி முழுக்கப் பொடிப்பொடியாகக் கருப்பு. “காத்து நம்ம பக்கம் அடிக்குதுங்க. இன்னைக்கு அடிச்சா சாம்பலு ஈரத்துல ஒட்டிக்கும். ஜன்னல சாத்திகினு அடிச்சா காயாது. இன்னைக்கு வேணாம்” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாள் நெருங்குகிறதே என்று எனக்கு எரிச்சல். ஆள் சாக்குச் சொல்கிறார் என்று வீட்டில் முணுமுணுத்தேன். அன்று பக்கத்துத் தெருவில் அவசரப்பட்டு அடித்த ஒரு வீட்டுச் சுவர் எள் தூவிய மாதிரி ஆனதை மறுநாள் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

அடுத்த ஞாயிறும் வர்ணம் தொடவில்லை. சோப்புத் தண்ணீரால் சுவர் முழுக்கக் கழுவினார். “எதுக்கு இவ்வளவு?” என்றேன். “குளிக்காம பவுடர் போட்டா எத்தினி நாழி நிக்கும் டீச்சர்?” என்றார். காய்ந்ததும் பள்ளங்களை அடைத்துப் பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். எனக்குச் சுவர் வழவழவென்றுதான் தெரிந்தது. அவர் ஒரு பல்பை ஒயரில் கட்டிச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் அத்தனையும் தெரிந்தன. “நேரா பாத்தா எல்லாச் சுவரும் நல்ல சுவருதாங்க” என்று மறுபடி தேய்க்க உட்கார்ந்தார். சுவிட்சுப் பலகையைச் சுற்றி வளைத்து அடிக்கிற சோம்பல் அவரிடம் இல்லை. கழற்றி வைத்துவிட்டு அடித்தார். இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினார், நிறம் மாறக்கூடாதென்று. கடைசியில் அந்தச் சந்தன நிறம் சுவரில் அடித்ததாகவே தெரியவில்லை, சுவரே அந்த நிறத்தில் கட்டியது போல இருந்தது.

நிச்சயத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். “யார் அடிச்சது?” என்று சம்பந்தியம்மா கேட்டார். சொல்லிக்கொடுத்தபடி, “நானேதான்” என்றேன். “டீச்சரே அடிச்சாங்களாம்!” என்று வீடு முழுக்கப் பரவியது. முதல் தடவை சொன்னபோது அது ஏழுமலைக்காகச் சொன்ன பொய். நாலாவது தடவை சொல்லும்போது எனக்கு இனித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே இனித்தது.

செய்தி மகளிர் மன்றம் வரை போனது. பராமரிப்புப் பிரிவின் பெரிய அதிகாரியுடைய மனைவிதான் அப்போது தலைவி. ‘நம் அறைக்கு நாமே வர்ணம் அடிக்கலாம்’ என்று பேச என்னைக் கூப்பிட்டார். மறுக்கத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் ஏழுமலை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். ஹெல்பர்களில் சிலரைப் பெயிண்டராக உயர்த்த ஒரு பட்டியல் தயாராகிறதாம். இவர் பெயரை ஒப்பந்தக்காரர் தரவில்லை. அந்த அதிகாரி சொன்னால்தான் உண்டு.

“கூட்டத்துக்கு அவரும் வராருங்க. அந்த ரூமை நான்தான் அடிச்சேன்னு ஒரு தடவ சொல்லுங்க டீச்சர்.”

“உங்க பாஸ் போயிடுமே?”

“போனா போவட்டுங்க. பெயிண்டர்னு ஒரு நாளு எழுதிட்டுப் புடுங்கட்டும்.”

சரி என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

கூட்டத்தன்று அரை மணி நேரம் பேசினேன். கைக்குட்டை, சோப்புத் தண்ணீர், பட்டி, பக்கவாட்டுப் பல்பு, ஒரே வாளி, எல்லாம் சொன்னேன். குளிக்காமல் பவுடர் போடுவதையும் சொன்னேன், அரங்கமே சிரித்தது. நாற்காலி போட வந்த ஏழுமலை கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தார். முன்வரிசையில் இருந்த அதிகாரி விளையாட்டாகக் கேட்டார்: “உண்மையைச் சொல்லுங்க டீச்சர், நம்ம ஆளுங்க யாரும் கை வைக்கலையா?” அவருக்குப் பக்கத்தில், என் பேச்சைக் கேட்கவே வந்த சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். ஏழுமலை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். “இல்லீங்க சார், நானேதான்” என்றேன். கை தட்டினார்கள்.

அவர் பாஸைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். காப்பாற்றியது என் கைதட்டலை.

கூட்டம் கலைந்ததும் மடக்கிய நாற்காலிகளோடு என்னைக் கடந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “நல்லாப் பேசினீங்க டீச்சர். உப்புத்தாளு மொதல்ல சொரசொரப்பு, அப்புறம் நைசு. அத மட்டும் வுட்டுட்டீங்க” என்றார். பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அதன் பிறகு வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பார். என் வீட்டுப் பின்வாசலுக்கு மட்டும் வரவேயில்லை. ஏழு வருடம்.

இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். போன வாரம் இளவயது இன்ஜினியர் ஒருவர் படிவத்தோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முன்னறையில் நின்றுவிட்டார்.

“சூப்பரா இருக்கே மேடம். யார் அடிச்சது?”

“பெயிண்டர் ஏழுமலை” என்றேன்.

படிவத்தில் ‘வர்ணம் அடித்தவர்’ என்ற இடத்தில் எழுதப் போனவர் நிமிர்ந்தார். “போன மாசம் தவறிட்டாரே, அவரா? அவர் ஹெல்பர் ஆச்சே மேடம்.” கொஞ்சம் யோசித்து, “நீங்களே அடிச்சதா போட்டுடறேன். யாருக்கும் பிரச்சனை வேணாம்” என்று எழுதினார். நான் படிவத்தை வாங்கி, என் பெயரை அடித்துவிட்டு ‘பெயிண்டர் ஏழுமலை’ என்று எழுதினேன். அந்தப் பையன் கோபப்படவில்லை. “சரிங்க மேடம். எப்படியும் அடுத்த வாரம் இதுமேல கம்பெனி கிரீம் கலர் அடிச்சிடுவோம்” என்றார்.

ஏழுமலையின் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பிரஷ் இல்லை, படம் இல்லை. சுவரும் அடுத்த வாரம் இல்லை. அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார், நான் கொடுக்கவில்லை. இத்தனை நாள் கழித்து அதை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அந்த வார்த்தை என்னிடமேதான் இருக்கிறது.