பழைய சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டவர்

ரங்கூனில் டீக்கடை ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்ப வேண்டும். வந்த புதிதில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கும் பழகிவிட்டேன். டீக்கடையில் அரசியல் பேசாமல் உட்கார மட்டும் எனக்கு வரவில்லை.

ரங்கூனின் லான்மடா பகுதியில் என் வீட்டுக்கு எதிரே லெட்சுமி அக்காவின் டீக்கடை. அந்தக் காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த தமிழர்களின் வாரிசு அவர். மற்றவர்களுக்கு, பர்மிய மரியாதையில், டோ லெட்சுமி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதிவிட்டு பஸ்ஸில் திரும்பும் எனக்கு அங்கேதான் மூச்சு வரும். போன மழைக்காலத்தில் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து, ஏதோ ஒரு நாட்டு அதிபர் வேட்பாளர்களின் விவாதத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சொல்ல வந்ததை மறந்து திருதிருவென விழித்தார். ஆயுசுக்கும் சேர்த்த பெயர் அந்த ஒரு விழிப்பில் போயிற்று.

எனக்குக் கோவில்பட்டி ஞாபகம் வந்துவிட்டது. கட்சி மாறி நின்ற ஒருவர், பிரசார வேனில் கும்பிட்டபடி, பழக்கதோஷத்தில் பழைய கட்சியின் சின்னத்துக்கே ஓட்டுக் கேட்டார். பக்கத்தில் நின்றவர் இடுப்பைக் கிள்ளியும் நிறுத்தவில்லை. அவர் போட்டுத் தந்த ரோட்டை ஊர் மறந்தது, இதை மறக்கவில்லை. தோற்றார். அடுத்த வாரம் எங்கள் டீக்கடையில் நான் அவரைப் போல நடித்துக் காட்டியபோது, பெஞ்சில் உட்கார்ந்து அவரும் சிரித்தார்.

அதையே அன்று அக்கா கடையிலும் எழுந்து நின்று, அரைகுறை பர்மியத்தில், கும்பிட்டுக் கும்பிட்டு நடித்தேன். கடையே சிரித்தது. பக்கத்து மேசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்தத் தலைவர்?" என்று பர்மியத்தில் மெதுவாகக் கேட்டார்.

"எங்க ஊர்க்காரர்."

"இப்போ இதுதானே உங்க ஊர்?"

சிரிப்பு நின்றுவிட்டது. "சினிமாக் கிறுக்கன், ஏதோ நடிக்கிறான்" என்று அக்கா அவரிடம் சொல்லி இன்னொரு டீ வைத்தார். அவர் தன் கைபேசியை, கேமரா என்னைப் பார்க்கும்படி திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டு நிதானமாகக் குடித்தார்.

அவர் போனபின் அக்கா கிட்டே வந்தார். "என் தம்பியும் இப்படித்தான் எல்லாரையும் சிரிக்க வெச்சான். ராணுவத்துக்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. எங்க இருக்கான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல. நீங்க இனிமே இங்க வராதீங்க தம்பி."

நுணலும் தன் வாயால் கெடும் என்று வேட்பாளர்களைத்தான் நாங்கள் கேலி செய்வோம். இங்கே சிரிக்க வைத்தவன் கெடுவான், அவனுக்கு டீ கொடுத்தவளும் கெடுவாள். வெள்ளைச் சட்டைக்காரர் இப்போது தினமும் வருகிறார். அக்கா என்னைத் தெருவில் பார்த்தால் தெரியாதவர் போலப் போகிறார்.

நேற்று மச்சான் கோவில்பட்டியிலிருந்து பேசினார். அங்கே மறுபடியும் தேர்தல்.

"மாப்ளே, நம்மாளு திரும்பவும் சின்னத்தை மாத்திச் சொல்லிட்டாரு! கேளு!" என்று கைபேசியை வேன் பக்கம் நீட்டினார். ஒலிபெருக்கி அலறியது. எங்கள் ஊர் டீக்கடைச் சிரிப்பு என் அறை முழுக்கக் கேட்டது. எனக்கும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

எதிரே அக்கா கடையில், நான் வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் என் ஜன்னலை நோக்கித் தலையைத் தூக்கினார். அவருக்கு டீ கொண்டுவந்த அக்கா பாதியில் நின்றார்.

நான் ஜன்னலைச் சாத்தி, என் ஊரின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.