துணையின்றிச் செய்வாளா?

இந்த நாட்டில் ஒரு பிள்ளை தன் சப்பாத்தைத் தானே போடுகிறதா என்று அறிவதற்கு, படித்துப் பட்டம் பெற்ற ஒருவர் ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குகிறார். அறைக் கதவில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று ஓர் அட்டையும் தொங்குகிறது. இதை எங்கள் ஊரான நாரந்தனையில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். இப்போது அந்தச் சப்பாத்து எங்கள் குடும்பத்தின் தொண்டைக்குள் நிற்கிறது.

என் அக்காவின் மகள் அபிக்கு எட்டு வயது. பேச்சு இல்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவாள். ரொறொன்ரோவுக்கு அருகேயுள்ள பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்றே ஓர் உதவியாளர் நாள் முழுதும் பக்கத்தில் இருந்தார். அந்த உதவி தொடர வேண்டுமா என்று தீர்மானிக்க, சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் உளவியலாளர் பெற்றோரை அழைத்தார். அத்தானுக்கு வேலை; அக்காவோடு நான் போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத் தீவகத்து விவாத மேடைகளில் தோல்வியே காணாத நான் இருக்கையில் அவர் எதற்கு என்று மறுத்துவிட்டேன். அந்த மறுப்பை இன்று நினைத்தாலும் என் மீதே எரிச்சல் வருகிறது.

நடைபாதையில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“குறையா ஒண்டும் சொல்லிப் போடாதை. எங்கட பிள்ளையை ஏலாதவள் எண்டு எழுதி வைச்சிடுவினம். மேடையிலை கத்திக் கத்திக் கப் வாங்கினனீ, இஞ்சை ஒருக்காக் கதை பாப்பம்.”

கதைத்தேன். துணையின்றிச் சாப்பிடுவாளா என்பது முதற் கேள்வி. “ஓம், வடிவாச் சாப்பிடுவா. தீத்தினால் ஒரு பருக்கை மிச்சம் விடமாட்டா” என்றாள் அக்கா. முதல் வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்திற்குக் கொண்டுபோனேன்; ஊட்டிவிடுவதைச் சொன்ன இரண்டாவது தமிழிலேயே நின்றுவிட்டது. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் தெரிவிப்பாளா? “ஓமோம், முகத்தைப் பாத்தால் எனக்கு விளங்கும்.” தெரிவிப்பாள் என்றேன். சப்பாத்துப் போடுவாளா? “போடாமல் பின்னை, வெறுங்காலோடையே பள்ளிக்கூடம் வாறா?” என்று அக்கா சிரித்தாள். போடுவாள் என்றேன். பள்ளிக்கூட பஸ் வரும் அவதியில் வலக்காலுக்கு அக்காவும் இடக்காலுக்கு நானும் குந்தியிருந்து அரை நிமிடத்தில் போட்டு முடிப்போம். அதற்கு உதவி என்று ஒரு பெயர் இருப்பது எங்கள் இருவருக்கும் நினைவில் வரவில்லை. உளவியலாளர் பேனாவை நிறுத்தி, “நிச்சயமாகவா?” என்று கேட்டார். அந்த ஒரு சொல் போதும், எனக்குள்ளிருந்த மேடை எழுந்துகொண்டது. ஆற்றல் இல்லாமை வேறு, வாய்ப்பு இல்லாமை வேறு என்று தொடங்கி, தொகுப்புரை வரை சென்று அமர்ந்தேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அக்கா மேசைக்கடியில் என் கையை அழுத்தினாள். வென்றுவிட்டோம்.

இப்படி வெல்வது எங்களுக்குப் புதிதல்ல. அபிக்கு நான்கு வயதாக இருந்தபோது, அரசாங்க உதவிக்குரிய பிள்ளைகளைப் பார்க்க ஓர் உத்தியோகத்தர் நாரந்தனை வீட்டுக்கு வந்தார். அக்கா அவளுக்குத் திருநாள் சட்டையைப் போட்டு, பவுடர் பூசி, முன் விறாந்தையில் நிறுத்தினாள். பின்னால் நின்று அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தவள் நான். “பிள்ளை நல்லாத்தானே இருக்கிறா” என்று சொல்லி, தேத்தண்ணியையும் குடித்துவிட்டு அவர் போனார். உதவியும் அவரோடு போயிற்று. அன்றும் நாங்கள் மகிழ்ந்தோம்.

நான் கேட்கிறேன்: துணையின்றி என்ற சொல்லுக்கு அந்த ஊரில் என்ன பொருள்? யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் அபி ஏறினால், “அபி மேடம் வாறா, முன் சீற்றை விடுங்கோ” என்று கொண்டக்டர் அண்ணை கூவுவார். எங்கள் ஒழுங்கை முகப்பில் சாரதி ஹோன் அடிக்கவே மாட்டார். அவளைத் துணையின்றி விட்ட ஒரு நாள் இருந்தாலல்லவா, அப்படிப்பட்ட நாளில் அவள் என்ன செய்வாள் என்று எங்களுக்குத் தெரியும்! இதற்காக ஊரிலிருந்து வாசிப்பவர்கள் உடனே கைதட்ட வேண்டாம். சீற்றை விட்டுக்கொடுத்த அதே ஊரில்தான், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, “அடுத்த வருசம் பாப்பம்” என்று இரண்டு வருடம் சொன்னார்கள். அன்பு நிறைய இருந்தது. வகுப்பில் அவள் உட்கார ஒரு கதிரை இருக்கவில்லை. இங்கே கதிரை இருக்கிறது. அதில் அவள் இருக்க வேண்டுமானால், அவளால் முடியாதவற்றையெல்லாம் தாய் தன் வாயால் பட்டியலிட வேண்டும். எந்த நாட்டின் பக்கம் நின்று வாதாடுவது?

தைமாதம் கடிதம் வந்தது. பிள்ளை எதிர்பார்த்ததைவிடச் சுயமாக இயங்குவதாகப் பெற்றோர் தெரிவித்திருப்பதால், உதவியாளர் இனி அரைநாள் மட்டும். மூன்று கிழமை கழித்து ஒரு பிற்பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. கார்கள் நிறுத்துமிடத்தில், பனிக்குள், காலுறையோடு மட்டும் நின்ற அபியை யாரோ கண்டு கூட்டிவந்திருந்தார்கள். பின்னோக்கி வந்த ஒரு கார் அவளுக்கு எட்டடி தூரத்தில் நின்றதாம். அன்று அக்கா அழவில்லை. அபியின் இரண்டு பாதங்களையும் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். என் தொகுப்புரையின் பயன் அந்தப் பாதங்களில் சிவந்து கிடந்தது.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். சென்ற கிழமை அதே அறை, அதே அட்டை, அதே கேள்விகள். அக்கா பதில் சொன்னாள்; நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். சில சூழ்நிலைகளில், ஓரளவுக்கு, பழக்கமான இடமென்றால் என்று சொற்கள் தாமாகவே அலங்காரம் பூண்டு வந்தன. அக்காவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் என்னை அவளுக்குத் தெரியும்.

“என்னடி இவ்வளவு நீட்டுறாய்? ஒரு சொல்லுத்தானே. ஏலாது எண்டு சொல்லு.”

“அக்கா, அது கொஞ்சம்…”

“சோடிக்காதை. தீத்தினால்தான் சாப்பிடுவாள். தனிய விட ஏலாது. என்ரை பிள்ளை, நான் சொல்லுறன். சொல்லு.”

சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே சொல். என் வாழ்நாளில் நான் பேசிய மிகக் குறுகிய உரை அதுதான்.

முடிவில் உளவியலாளர் அபியை அழைத்து வந்து சிறு வாங்கு ஒன்றின் மேல் இருத்தினார். இரண்டு பனிச் சப்பாத்துகளை முன்னால் வைத்தார். தான் எழுதி முடிக்கும் வரை யாரும் தொடக்கூடாது என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார். அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே இருந்தாள். நானும் அப்படியே செய்தேன். அபி சப்பாத்தைப் பார்க்கவில்லை. வலக்காலை அக்காவிடம் நீட்டினாள். இடக்காலை என்னிடம் நீட்டினாள். நீட்டியபடியே, பஸ் வரப்போகிறதே என்பதுபோல், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.