கியூ எழுத்தில் நான் வைத்த பொய்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு மாடியில் குடியிருந்தேன். கணவர் இறந்தபின் அவர் கீழே தனியாக இருந்தார். ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் இருவரும், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுவோம். வைக்கிற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியாக வேண்டும், அகராதியைத் தொடக் கூடாது என்பது அவர் வீட்டு விதி.

யூ (U) இல்லாமல் கியூ (Q) வரும் ஆங்கில வார்த்தைகள் சொற்பம். ஒன்றுக்கு மெல்லும் இலை என்று அர்த்தம், இன்னொன்றுக்கு இஸ்லாமிய நீதிபதி. அன்று அவற்றுக்கான எழுத்துகளும் அமையாததால், கையிலிருந்த எழுத்துகளைக் கியூவோடு சேர்த்து எதையோ ஒரு வார்த்தையாக வைத்துவிட்டேன்.

“அப்படின்னா என்னப்பா?”

எதிரே அவர் கணவரின் பிரம்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “செத்தவங்க நாற்காலி தானா போடுற சத்தம், ஆன்ட்டி.”

அவர் கை அப்படியே நின்றது.

“அதுக்குப் பேரே இருக்குதா? ரெண்டு வருஷமா கேக்குதுப்பா. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சின்னு பயந்துட்டேன். பேர் வெச்சிருக்காங்கன்னா மத்தவங்களுக்கும் கேட்டிருக்கு, இல்ல?”

கண் கலங்கச் சிரித்தார். பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது.

வாயை மூடிக்கொண்டேன். அந்த வார்த்தையை அகராதியில் தேடிப் பார்க்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.