பல்லியின் அடியும் சுப்ஹான் நானாவின் கேத்தலும்

கேத்தலைச் சாய்த்துப் பாறையிலிருக்கும் குழிக்குள் ஒரே வீச்சில் தண்ணீரைக் கொட்டுகிறார். குழி நிரம்புகிறது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கன்னம் கல்லில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கிறார். எழுந்து கைலியை உதறிக் கட்டுகிறார்.

"இது இல்ல. அடுத்தது."

மலாயாவில் லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சுப்ஹான் நானாவுக்கு எல்லாவற்றிலும் இந்த வேகம்தான். டீ ஆற்றும்போது அவர் கை மேலே போவது தெரியும், கீழே வந்தது தெரியாது. ரொட்டியை இலையில் போடுவதில்லை, எறிவார். ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று யாராவது உட்கார்ந்து கதை பேசினால், "டிக்கெட் வாங்கினது ஊருக்குப் போகவா, என் பெஞ்சுக்கா?" என்பார். நாகூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. வெள்ளைத் தொப்பியின் ஓரத்தில் எந்நேரமும் மாவு.

இவரைப் புகழவும் முடியாது. "நானா, இன்னைக்கு டீ பிரமாதம்" என்று சொல்லிப் பாருங்கள். குவளையைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு, "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்பார். பால் கூடியதா, தூள் மாறியதா, இல்லை உங்களுக்குப் பசியா என்று விசாரித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

பாறை விஷயத்தை ஆரம்பித்துவைத்தவரும் இவர்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த பிஸ்கட் பெட்டிக்குள் ஓர் ஆங்கிலப் படப் பத்திரிகையின் தாள் கிடந்தது. அதில் கல்லில் பதிந்த மூன்று விரல் அடி ஒன்றின் படம். பக்கத்தில் அளவுக்காக ஒரு வெள்ளைக்காரரின் தொப்பி. டைனசோர் என்று பெயராம். மனிதன் பிறப்பதற்கு முன்னால் நடமாடிய ராட்சதப் பல்லி, அது மிதித்த சேறு பிறகு கல்லாகிவிட்டது என்று ஸ்டேஷன் கிளார்க் படித்துச் சொன்னார். நானா தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "நம்ம ஆத்துப் பாறையிலயும் இப்படிக் கெடக்கே!" என்றார்.

அன்றைக்கே ஊர் முழுக்க நம்பிவிட்டது. நானா மட்டும் நம்பவில்லை. காலை ரயில் போனதும் கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போக ஆரம்பித்தார். அவரோடு உள்ள தொல்லை இதுதான்.

பாறைக்கு என்ன சோதனை என்று கேட்டால் கடையிலேயே செய்து காட்டுவார். ரொட்டி மாவை உருட்டித் தட்டி, அதில் முஷ்டியை அழுத்துவார். பள்ளத்தைச் சுற்றி மாவு வரம்பாக மேலே எழும்பும். "மிதிச்சா இப்படி. நசுங்குன சேறு எங்கயாவது போய்த்தானே ஆகணும்?" அடுத்த உருண்டையில் விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுப்பார். பள்ளம் விழும், வரம்பு எழாது. "தண்ணி அரிச்சா இப்படி. கல்லு கரைஞ்சு போச்சு, ஓரம் எங்கேருந்து வரும்?" வரம்பு இருந்தால் ஊற்றிய தண்ணீர் பாறை மட்டத்துக்கு மேலே நிற்கும், இல்லாவிட்டால் வழிந்து ஓடிவிடும். அதற்குத்தான் கேத்தல். அதோடு விடுவாரா? குழிக்குள் உருண்டைக் கூழாங்கல் கிடந்தால், வெள்ளத்தில் அதுவே சுழன்று குடைந்தது என்பார். ஒற்றைக் குழியாக இருந்தால், "அடுத்த அடி எங்க? பல்லி நொண்டி விளையாடுச்சா?" என்பார். குழிகள் எல்லாம் ஒரே விரிசலை ஒட்டி வரிசையாக இருந்தால், "விரிசல் வழியா தண்ணி போச்சு, பல்லி போகல."

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றால் நானும் ரசித்திருப்பேன். புதிய ரோட்டுக்கு ஜல்லி வேண்டும் என்று குத்தகைக்காரர் அந்தப் பாறையைக் குறித்துவிட்டார். பாறையின் அடியில்தான் ஊற்று. ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். ஓடைத் தண்ணீரில், பாலை உறையவைக்கும் ரப்பர் ஸ்டோரின் கழிவு கலந்து புளித்து நாறுகிறது. வெடி வைத்தால் ஊற்று மூடிவிடும். ஊற்றைச் சொல்லித் தொழிலாளர் சங்கத்தின் பேரில் மனுப் போட்டோம், பதில் இல்லை. ராட்சதப் பல்லியைச் சொல்லி எழுதினேன். கல் ஆராய்ச்சித் துரை ஒருவர் நேரில் வருவதாக உடனே பதில் வந்தது. ஜனங்களின் தாகத்துக்கு வராதவர் பல்லியின் காலுக்கு வருகிறார். சரி, வரட்டும், அடிதான் என்று அவர் எழுதிவிட்டால் பாறையில் யாரும் கைவைக்க முடியாது. கண்டுபிடித்தவர் நானா என்பதால் நானாவைத்தான் கேட்பார்.

"நானா, அடிதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்" என்றேன்.

"எதை வச்சுச் சொல்றது?"

"லயத்து ஜனம் குடிக்கிற தண்ணிய வச்சு!"

"சங்கத்துக்காரரே, 'முதலாளி நடுநடுங்கினான்'னு நீங்க நோட்டீஸ் அடிச்ச அன்னைக்கு அந்த ஆளு என் கடையிலதான் உக்காந்திருந்தாரு. ரெண்டாவது ரொட்டி கேட்டாரு. நடுக்கத்தைக் காணோம்."

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ராஜம்மா பக்கத்தில் நின்றாள். "நானாவுக்கென்ன, ரயில்வே குழாயில தண்ணி வருது. எங்க புள்ளைங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுல்ல கெடக்குதுங்க. ஒரு பல்லிக்காகப் பொய் சொன்னா சொர்க்கம் கைநழுவிப் போயிடுமாக்கும்!"

"ஒரே ஒரு குழி மிச்சம் இருக்கு ராஜம்மா, ஊத்துக்கு நேர் மேல. அதுல தண்ணி கொஞ்சம் நிக்குது, கொஞ்சம் வழியுது. பாத்துட்டுச் சொல்றேன்."

"நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள அந்தப் பல்லியே திரும்பி வந்துரும்."

துரை வருகிற காலையில் நானாவுக்கு முன்பே ராஜம்மாவும் நாலைந்து பெண்களும் பாறைக்குப் போயிருந்தார்கள். நடுப்பாறையில், யார் கண்ணிலும் படுகிற இடத்தில், மூன்று விரலோடு அடிகள் புதிதாக முளைத்திருந்தன. நானா கேத்தலைச் சாய்க்கவே இல்லை. விரலால் ஒரு பள்ளத்தைத் தடவிக்கொண்டே போனார்.

"இந்தப் பல்லி எந்தத் தோட்டத்துல வேலைக்குப் பேர் போட்டிருக்கு?"

அடுத்த அடிக்கும் போய்த் தடவினார்.

"விரலு அத்தனையும் எடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ எறங்குது. ரப்பர் மரத்துல பட்டை சீவுற மாதிரியே இருக்கு. கீழ ஒரு சிரட்டை கட்டி வைங்க, பால் வடிஞ்சாலும் வடியும்!"

ராஜம்மா மழுங்கிப்போன கத்தியை முந்தானைக்குள் மறைத்தாள். "கை அப்படித்தான் போகுது நானா, பழக்கம். துரைக்கு என்ன தெரியப் போகுது? நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

துரைக்குத் தெரியவில்லைதான். பார்த்ததும் முகம் மலர்ந்தது. படத்தில் இருந்ததைப் போலவே தொப்பியைக் கழற்றி அடியின் பக்கத்தில் வைத்தார். எனக்கு மூச்சே திரும்பிவந்தது. அப்போது நானாவைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று மலாயில் கேட்டார்.

நானாவும் மலாயிலேயே சொன்னார்: "அது கத்தி வேலை, துவான்."

பிறகு கேத்தலும் கையுமாக ஒவ்வொரு குழியாகக் காட்டிக்கொண்டு போனார். இல்லை. இல்லை. இதுவும் இல்லை. ஊற்றுக்கு மேலிருந்த கடைசிக் குழியில் மட்டும் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு, "தெரியல" என்றார். துரை தொப்பியை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டார். பாறையை உடைக்கத் தடையில்லை என்று அந்த வாரமே குத்தகைக்காரருக்குத் தகவல் போனது.

லயத்து ஆட்கள் நானாவின் கடைப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். நான் போனேன், டீ குடிக்க அல்ல, திட்ட. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாவைப் பிசைந்தார். "கத்தியால வெட்டினது கண்ணுக்குத் தெரியுது. கேட்டாரு. வேற என்னத்தச் சொல்ல?" என்றார். ரொட்டி கேட்க ஆள் இல்லாமல் பிசைந்த மாவு அன்றைக்குப் புளித்தது.

வெடிமருந்துக்குத் துளை போடும் ஆட்களோடு குத்தகைக்காரரின் கங்காணி ராமு பாறைக்கு வந்த காலையில், ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. எதிரே கடை பூட்டியிருந்தது. அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. ஆற்றுக்கு ஓடினேன். ஊற்றுக்கு மேலே, கடைசிக் குழியின் ஓரத்தில் நானா குந்தியிருந்தார்.

"எந்திரிங்க நானா, துளை போடணும் லா" என்றான் ராமு.

"இந்தக் குழி இன்னும் முடிவாகல."

"அப்ப அந்தப் பக்கம் போட்டுக்கிறோம்."

"போடு. அங்க இருக்கிறதெல்லாம் வெறும் குழிதான், நானே சொல்லிட்டேன். வெடிக்கும்போது கல்லு இங்க வந்து விழும், பாத்துக்க."

"துரை எழுதியே குடுத்துட்டாரு. இதுவும் தண்ணி அரிச்ச குழிதான் நானா!"

"எதை வச்சுச் சொல்ற?"

ராமு குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். சுத்தியல்காரர்கள் மரத்தடி நிழலைப் பார்த்து நகர்ந்தார்கள். கேத்தல் காலியாயிருந்தது. குடத்தோடு வந்த ராஜம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஊற்றில் முக்கி நிரப்பிக்கொண்டுவந்து நங்கென்று வைத்தாள்.

நானா கேத்தலை எடுத்தார். கன்னத்தைக் கல்லில் சாய்த்துக்கொண்டு, கேத்தலின் மூக்கை மெள்ளச் சரித்தார். ஒரு சொட்டு விழுந்தது. அது பரவி அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அடுத்த சொட்டை விட்டார்.