எல்லோருக்கும் மரவாங்கு

தொண்ணூறுகளில் இன்டர்லாக்கன் என்ற சுற்றுலா ஊரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் நின்றவர் ஒரு போர்த்துக்கல்காரர். தன் நாட்டில் உதைபந்தாட்டத்தையே தொழிலாகச் செய்தவர் என்று அவர் சொல்லவில்லை. நானும் ஆட்களிடம் விசாரிக்கிற பழக்கம் உள்ளவன் அல்ல. ஒருநாள் மேசையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு உருண்டது. அது நிலத்தைத் தொடுமுன் காலால் ஏந்தி, முழங்காலுக்கு ஏற்றி, மறுகாலால் தட்டிக் கூடைக்குள் போட்டுவிட்டு, அவர் பழையபடி தொட்டியில் கைவைத்தார். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மன்னார் அண்ணை கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"பாத்தியோடா தம்பி? இந்த மனுசன் இஞ்ச நிண்டு என்ன செய்யுது?"

பெரிய செஃப்பும் பார்த்துவிட்டார். அவருடைய மகன் ஆடும் சிறுவர் அணிக்கு அப்போது பயிற்சியாளர் இல்லை. அப்படித்தான் போர்த்துக்கல்காரர் பயிற்சியாளராக மைதானத்துக்குப் போனார். முழங்கால் முறிந்து ஆட்டத்தை விட்டவர் என்பதும் அதன் பிறகுதான் தெரிந்தது.

ஓய்வு நாட்களில் நானும் போவேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், ஆட்கள் இல்லாத பக்கமாக நின்று பார்ப்பேன். மற்றப் பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏன் என்று எங்கள் அரைகுறை ஜேர்மனில் ஒருமுறை கேட்டேன்.

"நான் கத்தினால் பிள்ளை என்னைப் பாக்கும். பந்தைப் பாக்காது" என்றார்.

கோல் அடித்தவனைப் பெரிதாகப் புகழமாட்டார். பந்தைத் தந்தவன் யார் என்று கேட்டு, அவன் தலையைத் தடவிவிடுவார். இன்னொன்று, ஒவ்வொரு ஆட்டத்திலும் சிலர் முதற்பாதி முழுவதும் ஓரத்து மரவாங்கில் ஆடாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். யார் என்பதை வரிசையாகச் சுற்றிவரும் முறைதான் சொல்லும். புதிதாகச் சேர்பவன் முதல் நாள் வாங்கில்தான். நன்றாக ஆடுகிறவனுக்கும் ஆடத் தெரியாதவனுக்கும் ஒரே முறை.

கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி ஆட்டத்தில் அந்த முறை செஃப்பின் மகனுக்கு வந்தது. அணியில் கெட்டிக்காரன் அவன். பேரனின் ஆட்டத்தைப் பார்க்க ஓல்டனிலிருந்து தாத்தா வேறு வருகிறார் என்று செஃப் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்த்துக்கல்காரருடையது பருவகால விசா. வசந்தத்தில் வந்து, குளிர் தொடங்க நாட்டுக்குப் போய்விடவேண்டும். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. இடைவெளி விடாமல் இப்படிச் சில வருடங்கள் வேலை செய்தால் நல்ல விசா கிடைக்கும், மனைவியையும் மகனையும் கூப்பிடலாம். அவருக்கு இன்னும் ஒரு பருவம்தான் குறை. அதற்கு அவரை எடுப்பதும் விடுவதும் செஃப்பின் கையில் இருந்தது.

எங்கள் ஊரில் பந்து கொண்டுவருகிறவன்தான் கப்டன். அவனை வெளியே இருத்தினால் பந்தும் அவனோடு வீட்டுக்குப் போய்விடும். அந்தப் புத்தியில்தான் அவரிடம் வாய் திறந்தேன்.

"செஃப்பின்ரை மகனை முதலே இறக்குங்கோ. ஒருநாள்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"பிள்ளையளுக்குத் தெரியும்" என்றார்.

மன்னார் அண்ணைக்கு ஆத்திரம். "உவருக்கு விசர். அந்தோனியாரே இறங்கி வந்து சொன்னாலும் கேக்கமாட்டார்!"

அன்று பெடியன் வாங்கில் இருந்தான். எதிரணி அடுத்தடுத்துக் கோல் போட்டது. "அவனை இறக்கு!" என்று பெற்றோர் கத்தினார்கள். செஃப் கத்தவில்லை. ஓல்டனிலிருந்து வந்த தன் தகப்பனுக்குப் பக்கத்தில் முகம் சிவந்து நின்றார். இரண்டாம் பாதியில் பெடியன் இறங்கி ஓடி ஓடி ஆடினான். ஆனாலும் தோற்றார்கள்.

அதன் பிறகு கோடை முழுக்கச் செஃப் கழுவும் பக்கம் வரவில்லை. இலையுதிர் காலத்தில், அடுத்த வருடம் யார் யார் வரலாம் என்று சொல்ல ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். போர்த்துக்கல்காரர் போய்விட்டுத் திரும்பி வந்து, ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சொன்னவர்?"

"மார்ச்சில வரட்டாம்." கொஞ்ச நேரம் கழுவினார். "மகன்ரை முறை எண்டு முதலே சொல்லியிருந்தால், தன்ரை அப்பாவை அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருப்பாராம். அதுக்குத்தான் இவ்வளவு நாளும் கோவம்."

மன்னார் அண்ணை சிரித்த சிரிப்பில் கரட் சிதறியது.

அந்தப் பருவமும் முடிந்து, கடைசியில் போர்த்துக்கல்காரரின் மனைவியும் மகனும் வந்து சேர்ந்தார்கள். தகப்பனை வருடத்தில் கொஞ்ச நாள் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை. அவனையும் அணியில் சேர்த்தார். முதல் ஆட்டத்தன்று நான் வழமைபோலக் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். செஃப் என்னைத் தேடி வந்து பக்கத்தில் நின்றார். புதுச் சட்டையோடு போர்த்துக்கல்காரரின் மகன் மரவாங்கில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான்.

செஃப்பால் தாங்க முடியவில்லை. "அவனை இறக்கு! உன்ரை பிள்ளையடா!" என்று மைதானம் கேட்கக் கத்தினார்.

போர்த்துக்கல்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.